லுவான் ராட்டினம் ஏறிய மாலை

பியர் நிரப்பிய பிளாஸ்டிக் பையை ஒரே விரலில் தொங்கவிட்டபடி லுவான் ஷௌசெங் பியர் திருவிழாக் கூட்டத்துக்குள் நுழைகிறார். இடதுபுறம் இடிக்கிறார்கள், வலதுபுறம் இடிக்கிறார்கள். பை மட்டும் ஆடுவதில்லை. தெருமுனைக் கடையில் எடைபோட்டு வாங்கியது. திருவிழாவுக்கு வந்து சேர்வதற்குள் தாகம் எடுக்குமாம். பையில் செருகிய குழாயை வாயில் கவ்வி ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "இதுதான்டா கோடை!" என்கிறார். யாரிடம் என்று பார்த்தால் யாரிடமும் இல்லை.

அவர் சிங்தாவ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நாற்பத்தாறு வயது, தனிக்கட்டை. வானத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, காலடியிலும் கண்ணாடி. நாள் முழுக்கக் குனிந்தபடியே கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கிக் கீழே வரிசையாக நிற்கும் லாரிகளில் வைப்பார். அந்த லாரிகளில் ஒன்று என்னுடையது. கூண்டில் கழிப்பறை கிடையாது என்பதால் வேலை நேரத்தில் தண்ணீரை நாக்கு நனைய மட்டும்தான் குடிப்பார். அந்தத் தாகத்தையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, வருட விடுப்பை மொத்தமாக பியர் திருவிழாவுக்கு எடுத்துவிடுவார். "எல்லாரும் லீவு போட்டு ஊர் சுத்தப் போறானுங்க. எனக்கு ஊரே இங்க வந்து உக்காந்திருக்கு. நான் எங்கடா போக?"

அவரிடம் ஒரு கோளாறு உண்டு. முகம் பிடிபடாது. மேலேயிருந்தே மனிதர்களைப் பார்த்துப் பழகியவருக்கு ஆள் என்றால் ஓர் உச்சந்தலை, ஒரு நடை, அவ்வளவுதான். போன வருடத் திருவிழாவில் எங்கள் மேலாளர் எதிரே வந்து குவளையை உயர்த்தியபோது, "நீங்க யாருங்க?" என்று கேட்டுவிட்டார். மேலாளர் முறைத்துக்கொண்டு திரும்பி நடந்ததும்தான் லுவான் பின்னாலேயே ஓடினார். "ஐயோ, நம்ம மேனேஜர்! நடந்ததும் தெரிஞ்சுபோச்சு சார்!"

ஜியாங் யுன்பிங்கையும் அவர் அப்படித்தான் அறிந்திருந்தார். யுன்பிங் கப்பல் தளத்தில் நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்லும் பெண். "லுவான் அண்ணே, இன்னும் ஒரு சாண் இறக்குங்க... மெதுவா... அவ்ளோதான், உக்காந்திருச்சு." மூன்று வருடமாக அந்தக் குரல் காதில், கண்ணில் ஒரு மஞ்சள் ஹெல்மெட். வலது கை வாக்கி டாக்கியை நெஞ்சோடு அணைத்திருக்க, நடக்கும்போது இடது கை மட்டும் வீசும். யுன்பிங்கின் குழுவுக்குத் தனி பஸ், தனிச் சாப்பாட்டுக்கூடம். லுவான் இறங்கி வருவதற்குள் பஸ் போயிருக்கும்.

"ஒரு நாளாவது சீக்கிரம் இறங்கி வந்து பேசினா என்னண்ணே?" என்பேன்.

"என்னத்தப் பேச? 'சரி'ன்னு சொல்லவா?"

மூன்று வருடத்தில் அந்தக் குரலுக்கு அவர் சொன்ன பதில் அது ஒன்றுதான். சரி.

இந்த ஜூலையில், விடுப்புக்கு முந்தின நாள், கடைசிப் பெட்டி இறங்கிய பிறகு வாக்கி டாக்கி மறுபடி கரகரத்தது. நாங்கள் எல்லோரும் ஒரே சேனல். லாரிக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டோம்.

"லுவான் அண்ணே, இதுதான் இங்க எனக்குக் கடைசிக் கப்பல். திங்கக்கிழமையிலேர்ந்து தெக்குத் துறைமுகத்துக்கு மாத்திட்டாங்க. நாளைக்குச் சாயங்காலம் எங்க ஆளுங்கல்லாம் திருவிழாவுக்குப் போறோம். கடல் பக்கம் பெரிய கூடாரம். நீங்களும் வாங்களேன்."

"சரி."

பிறகு மேலேயிருந்து மறுபடி குரல்: "கண்டிப்பா வரேன்."

நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஹாரன் அடித்தோம்.

மறுநாள் முடி வெட்டி, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டு வந்து நின்றார். நானும் கூடப் போனேன். கடல் பக்கம் போய்ப் பார்த்தால் எல்லாமே பெரிய கூடாரம். மேளம், பாட்டு, கணவாய் சுடும் புகை, மேசைதோறும் மிளகாய் போட்டு வதக்கிய மட்டி மலை. முதல் கூடாரத்தில், "யுன்பிங் இருக்காங்களா?" என்று ஒரு மேசையில் கேட்டார். "இல்லண்ணே, ஆனா நீ இருக்கியே, உக்காரு!" என்று ஒரு குவளையைக் கையில் திணித்து, "காலி! காலி!" என்று கத்தினார்கள். காலி செய்துவிட்டுத்தான் வர முடிந்தது. அடுத்த கூடாரத்திலும் அதே கதை. மூன்றாவதில் முகம் மட்டிக்குழம்பு மாதிரி சிவந்துவிட்டது.

"ஒரே மூஞ்சியா இருக்குடா. இதுல எது அவங்க?"

"போன் நம்பர் இல்லையா?" என்றேன்.

"சேனல் ரெண்டுல எப்பவும் இருப்பாங்களே, நம்பர் எதுக்குன்னு விட்டுட்டேன்." சுற்றுமுற்றும் பார்த்தார். "வரலைன்னு நெனச்சுட்டுக் கிளம்பிருவாங்கடா."

அப்போதுதான் ராட்டினத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"அண்ணே, நான் லாரி டிரைவர். தரையிலயே இருந்துக்கறேனே!"

"கண்ண மூடிக்க. ஏறு."

தொட்டி மேலே எழ எழ அந்த மனிதர் மாறினார். மூச்சு நிதானமாயிற்று. கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்தார். "அதோ மேனேஜர், பியர் வாங்கப் போறாரு. அது நம்ம வெல்டர், கால் வலி இன்னும் தீரல போல." கடலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். கீழே எறும்புக் கூட்டம். அதில் அவர் ஊரையே பெயர் சொல்லி வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று பேச்சு நின்றது.

"அதோ."

கணவாய்க் கடையிலிருந்து ஒரு பெண். வலது கையில் கணவாய்க் குச்சிகளை நெஞ்சோடு அணைத்திருந்தாள். இடது கை மட்டும் வீசியது.

"யுன்பிங்!" என்று கத்தினார். மேளம் விழுங்கிவிட்டது. எங்கள் தொட்டி உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியது. இன்னும் நாலு எட்டு வைத்தால் அவள் ஏதோ ஒரு கூடாரத்துக்குள் போய்விடுவாள். லுவான் எழுந்து நின்றார். தொட்டி ஆட, நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். இரண்டு கைகளையும் அகல விரித்து, உள்ளங்கைகளைக் கவிழ்த்து, வீசி வீசி அசைத்தார். கிரேன் வேலையில் அதற்கு ஒரே பொருள்: நில்.

கீழே ஜனங்கள் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல மேலே கைகாட்டினார்கள். அவளும் நிமிர்ந்து பார்த்தாள். நின்றாள். குச்சிகளை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலைக் கீழே காட்டிச் சின்ன வட்டமாகச் சுழற்றினாள்.

"மெதுவா இறக்கச் சொல்றாங்கடா," என்றார் லுவான். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ராட்டினத்தின் வாசலிலேயே காத்திருந்தாள். வெயிலில் கறுத்த வட்ட முகம். ஹெல்மெட் வார் பட்ட இடம் மட்டும் தாடையோரம் வெளுப்பாக ஒரு கோடு.

"லுவான் அண்ணேதானே?"

குரலைக் கேட்டதும் கண்ணை மூடித் திறந்தார். "சரி," என்றார்.

நான் முதுகில் ஒரு குத்து விட்டேன்.

"இங்கயும் சரிதானா?" அவள் சிரித்தாள்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "இல்ல, அது வந்து... லீவு முடிஞ்சு வந்தா நீங்க இல்லாம எப்படிப் பெட்டி இறக்குவேன்னு ராத்திரியெல்லாம் தூங்கல. தெக்குத் துறைமுகத்துக்கு பஸ் இருக்கு, விசாரிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை வரட்டுமா? எல்லா ஞாயித்துக்கிழமையும்?"

"முதல்ல நம்பர் குடுங்க," என்றாள் யுன்பிங். காது சிவந்திருந்தது. "இந்த ஞாயித்துக்கிழமை வாங்க. மத்ததப் பொறவு பாப்போம்."

அவளுடைய கூட்டம் கடைசிக் கூடாரத்தில், மணலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தது. நுரை வழியும் இரண்டு குவளைகள் வந்தன. எங்கள் ஊரில் குவளை முட்டும்போது யார் தன் விளிம்பைத் தாழ்த்திப் பிடிக்கிறாரோ அவர் எதிராளிக்கு மரியாதை செய்கிறார். லுவான் தாழ்த்தினார். யுன்பிங் அதற்கும் கீழே கொண்டுபோனாள். அவர் குவளையை மேசைக்கும் கீழே இறக்கினார்; அவளும் இறக்கினாள். இருவரும் குந்தியே விட்டார்கள். "விடாத யுன்பிங்!" "விடாதீங்கண்ணே!" என்று மேசையே எழுந்து கூச்சல் போட்டது. இரண்டு குவளைகளும் மணலில் உட்கார்ந்துவிட்டன. இனி இறங்க இடமில்லை.

லுவான் குவளையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் மணலை அள்ளித் தள்ளி ஒரு சின்னக் குழி பறித்தார். அதில் தன் குவளையை இறக்கி வைத்து, அவள் குவளையோடு முட்டினார்.