பொன்னாடையும் மூன்று மணி நாற்காலியும்

என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை விட்டு நின்று நாலு வருடம் ஆகிறது. அதற்கு முன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தேன். இப்போது செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மதியம் மூன்று மணிக்கு டயாலிசிஸ் சென்டரில் எனக்கென்று ஒரு நாற்காலி. நாலு மணி நேரம் மிஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் சேர்ந்த தண்ணீரை எடுத்துவிட்டு அனுப்பும். சனிக்கிழமையை விட்டால் செவ்வாய்தான். அதற்குள் தண்ணீர் நுரையீரல் வரை ஏறிவிடும். இது எனக்குத் தெரியும், ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரருக்கும் தெரியும். ஊரில் சமூக சேவை செய்யும் சங்கத்துக்காரர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. பாவம், அவர்கள் விழிப்புணர்வுதானே செய்கிறார்கள்!

சங்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் ஊரில் பெரிய மனிதர்கள். சிறுநீரக நோய் விழிப்புணர்வையும் வெள்ள நிவாரணத்தையும் ஒரே விருந்தில் முடித்துவிடலாம் என்று கல்யாண மண்டபம் பிடித்திருந்தார்கள். செயலாளர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். போன மழையில் பாலாற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் புகுந்து, பாய், தலையணை எல்லாம் போய், பத்து நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். நோயும் வெள்ளமும் ஒரே ஆளிடம் இருப்பதைக் கேட்டதும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தில்கூட அதை நான் பார்த்ததில்லை.

“உங்கள மாதிரி ஒருத்தரத்தாம்மா தேடினு இருந்தோம்.”

“சார், சனிக்கிழம மூணு மணிக்கு எனக்கு டயாலிசிஸ் இருக்குது.”

“பத்து மணிக்கு ஃபங்ஷன். பன்னெண்டுக்கெல்லாம் கார்லயே அனுப்பிடறோம். நாங்க இன்னாத்துக்கு இருக்கறோம்?”

அவர் போனதும் வீட்டுக்காரர், “இன்னாத்துக்கு இந்த வம்பு?” என்றார். எனக்குத்தான் பட்டுப்புடவை கட்டி நாளாகிவிட்டதே. போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பத்து மணிக்கு மேடையில் உட்கார வைத்தார்கள். கூட இன்னும் நாலு நோயாளிகள், அவர்களுக்கு முறை வேறு நாள். சிறப்பு விருந்தினர் பன்னிரண்டரைக்கு வந்தார். அதுவரை பிள்ளைகள் வெள்ளம் பற்றி நீலத் துணியை ஆட்டி ஒரு நடனம் ஆடினார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள், எங்கள் தெருவில் வந்த தண்ணீர் மட்டும் அந்த நிறத்தில் இல்லை. அப்புறம் ஒரு பேச்சாளர், நோயாளிகள் சிகிச்சைக்கு நேரம் தவறாமல் போக வேண்டும் என்பதை ஒரு மணியிலிருந்து ஒன்றே முக்கால் வரை விளக்கினார். நான் எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு மரியாதை ஆரம்பித்தது. ஆளுக்கொரு பொன்னாடை, நிவாரணப் பை, பழக்கூடை, ஒரு இளநீர். நோயாளியைப் பார்க்கப் போனால் இளநீர் வாங்கிப் போவது எங்கள் பக்கத்து மரியாதை. டயாலிசிஸ் சென்டரில் முதல் நாளே சொல்லித் தந்த பாடம், இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு மூன்றையும் தொடக் கூடாது, பொட்டாசியம் ஏறி நெஞ்சே நின்றுவிடும் என்பது. கூடையில் வாழைப்பழமும் ஆரஞ்சும் இருந்தன. ஒன்றையும் விட்டுவிடவில்லை மகராசன்கள்.

சிறப்பு விருந்தினர் இளநீரை என் வாயருகே நீட்டி, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

“குடிங்கம்மா, உடம்புக்குக் குளிர்ச்சி.”

“குடிச்சா ஒரேடியா குளிர்ந்துடுவேன் சார்.”

மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபமே கேட்டது. செயலாளர் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கி, “பாத்தீங்களா, இன்னா தன்னம்பிக்கை!” என்றார். ஒரே கைதட்டல். போட்டோக்காரர், “சும்மா ஸ்ட்ராவ வாயில வைங்கம்மா, போதும்” என்றார். வைத்தேன். பிறகு எழுந்துவிட்டேன்.

“மணி ரெண்டரை ஆயிடுச்சி சார். நான் போவணும்.”

“இன்னும் அவார்டு இருக்குதும்மா, பிரியாணி இருக்குது...”

“எனக்கு உயிரு இருக்கணும் சார்,” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அனுப்புவதாகச் சொன்ன காரின் டிரைவர் பந்தியில் இருந்தார். நல்லவேளை, வீட்டுக்காரர் யாரையும் நம்பாமல் வாசலிலேயே ஆட்டோவோடு நின்றிருந்தார். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சென்டரில் காலை வைத்தேன். அப்பாடா என்று இருந்தது.

என் நாற்காலி காலியாக இருந்தது. மிஷின் தயாராக இருந்தது. மாட்டிவிடும் டெக்னீஷியன் தம்பியைத்தான் காணோம். புதிதாகச் சேர்ந்த சிஸ்டர் என் பொன்னாடையைப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, நீங்க மட்டும் வந்துட்டீங்க? தம்பியும் அங்கதான இருக்கறாரு? சேவைக்கு அவார்டு தர்றோம்னு காலை ஷிஃப்டு முடிஞ்சதுமே கூட்டினு போய்ட்டாங்க” என்றாள்.

அந்தச் சிஸ்டருக்கு மிஷின் பழக்கமில்லை. மதியத்துக்கு அவன் ஒருவன்தான். அங்கே மேடையில் எனக்குப் பொன்னாடை விழும்போது, அவன் தன் பொன்னாடைக்காகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறான். போன் போட்டுப் போட்டுப் பார்த்தோம், எடுக்கவில்லை. வீட்டுக்காரர் திரும்ப ஆட்டோவை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார்.

ஐந்து மணிக்குத்தான் அந்த ஆட்டோவில் தம்பி மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். அதே நிறத்தில் பொன்னாடை, கையில் ‘உயிர் காக்கும் கரங்கள்’ என்று எழுதிய கேடயம்.

“டூட்டி இருக்குதுன்னு மூணு வாட்டி சொன்னேங்க்கா. லிஸ்டுல கடைசி பேரு என்னுது, எழுந்தா மரியாதையா இருக்காதுன்னு உக்கார வெச்சிட்டாங்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. அவன் கேடயத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கழுவினான். அந்தக் கைதான் இப்போது எனக்கு ஊசி குத்த வேண்டும். வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினேன்.

ஏழு மணிக்கு அந்த நாற்காலி அடுத்தவருடையது. அவரும் என்னைப் போல ஒரு ஆள்தானே. அதனால் எனக்கு இரண்டு மணி நேரம்தான் ஓடியது. பாதித் தண்ணீர் உடம்பிலேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து நிவாரணப் பையைப் பிரித்தேன். ஒரு பாய், ஒரு போர்வை, இரண்டு தலையணை. நல்ல பாய், குறை சொல்லக் கூடாது. விரித்துப் படுத்ததும் மூச்சு முட்டியது. எழுந்து தலையணை இரண்டையும் சுவரில் சாய்த்து, செவ்வாய்க்கிழமை வரை உட்கார்ந்தபடியே தூங்கினேன். வெள்ளம் வந்த அன்றைக்குக்கூட, பள்ளிக்கூடத்து பெஞ்சில், நான் படுத்துத்தான் தூங்கினேன்.