தண்ணி லாரியும் ஒரு டென்னிஸ் ஃபைனலும்

அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் என் ஆபீசுக்கே போன் செய்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு டபுள்ஸ் ஆடியவள். கல்யாணமாகிப் பெரம்பூர் பக்கம் போனபிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசிக்கொள்வதோடு சரி.

"சாய்ந்தரம் பாப்ப இல்ல?" என்றாள், எடுத்த எடுப்பில்.

"எதடீ?"

"பேப்பர் பாக்கலியா? ஹைதராபாத்ல நம்ம பொண்ணு ஃபைனல் ஆடுதுடீ."

பார்த்திருந்தேன். பெரிய சர்வதேசப் போட்டிகளில் நம் ஆண்கள் இரட்டையர் கோப்பைகளைத் தூக்கியிருந்தார்கள். பெண்களில் ஒருத்தி தனியாக ஆடி அப்படி ஒரு பட்டம் வாங்கியதே கிடையாது. நாங்கள் ராக்கெட் பிடித்த காலத்திலும் இல்லை, அதற்கு முன்பும் இல்லை. எனக்குப் பின்னால் பிறந்து வளர்ந்த ஒரு பெண், பதினெட்டு வயதில் அதற்கு ஒரே ஒரு மேட்ச் தூரத்தில் நின்றாள்.

"பாக்கறேன்" என்றேன். அதற்குள் மேனேஜர் எட்டிப் பார்த்தார், போனை வைத்துவிட்டேன்.

நாங்கள் படித்தது ராயபுரத்தில். சிமென்ட் கோர்ட், நடுவில் ஒரு நீளமான விரிசல். பந்து அதில் விழுந்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்த விரிசலை நம்பியே பக்கத்துப் பள்ளிகளையெல்லாம் ஜெயித்தோம். பிறகு ஊருக்குத் தெற்கே ஒரு கிளப்பில் செமி ஃபைனல். ரயிலேறிப் போய் இறங்கினால் செம்மண் கோர்ட், மெத்தை மாதிரி. பந்து நின்று நிதானமாக எழும்பி வந்தது. அதற்கு என்ன செய்வதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. சீக்கிரமே முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து காலுறையிலிருந்து சிவப்பு மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள். கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை. மதியம் கிளம்பியவள், எண்ணூர் ஹைரோட்டில் டிரைலர் லாரிகள் முட்டிக்கொண்டு நின்றதால் பஸ்ஸிலேயே பொழுதைக் கழித்தேன். பாதி வழியில் இறங்கி நடந்தேன். திருவொற்றியூர் வீட்டுக்கு மூன்று மாடி ஏறும்போது முழங்கால் கெஞ்சியது. என் வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்து, டிவி முன்னால் டீயோடு உட்கார்ந்திருந்தார்.

"வா, வா. உன் ஆட்டம்தான் ஓடிக்கினு கீது. மொத செட்டு நம்மளுது."

அவருக்கு டென்னிஸ் தெரியாது. எனக்காக வைத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இரண்டாவது செட்டை அந்தப் பெண் கைநழுவ விட்டாள். மூன்றாவது செட் தொடங்கிச் சற்று நேரத்தில் தெருமுனையில் ஹாரன் கேட்டது. தண்ணி லாரி. இரண்டு நாளாக வராதது.

"நான் போறேன், நீ பாரு" என்று அவர் எழுந்தார். ஆனால் அன்று அவர் இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது, இரவில் மறுபடி ஷிஃப்ட். "நீ உக்காரு. ஸ்கோர மட்டும் மேலேர்ந்து சொல்லு" என்று சொல்லிவிட்டுக் குடங்களோடு இறங்கினேன்.

வரிசையில் எனக்கு முன்னால் கீழ்வீட்டு அக்கா. வாசலில் இட்லிக்கடை போட்டிருந்தவர். எங்கள் கட்டடத்திலேயே அவருக்குத்தான் தண்ணீர் அதிகம் தேவை. மேலேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

"பதினஞ்சு முப்பது!"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாமா, உன் வூட்டுக்காரு ஏலம் வுட்றாரா?"

"டென்னிஸ்கா. மொத பாயின்ட்டுக்குப் பதினஞ்சு, ரெண்டாவதுக்கு முப்பது, மூணாவதுக்கு நாப்பது."

"நாப்பத்தஞ்சு இல்ல வரணும்?"

"நானும் எங்க பி.டி. மிஸ்ஸாண்ட அதத்தான் கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"போய்ப் பந்தப் பொறுக்குன்னாங்க."

பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆடுவது யார், உங்களுக்குச் சொந்தமா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை, இதில் ஜெயித்தால் நம் நாட்டுப் பெண்களில் இவள்தான் முதல் ஆள் என்றேன்.

"அப்ப நீ இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கீற?" என்றார் அக்கா. "மேல போ. உன் கொடத்த நான் புடிச்சி வெக்கிறேன்."

"அதெல்லாம் கெடையாது. அவங்கவங்க வூட்டுக்கு அவங்கவங்கதான் புடிக்கணும்" என்று வரிசைக் கடைசியிலிருந்து குரல் வந்தது. சண்டை போட எனக்குத் தெம்பில்லை. நின்றேன்.

"அஞ்சு மூணு!" என்றார் மேலேயிருந்து. "இன்னும் ஒரு கேம்தானாம்!"

என் முறை வந்தது. இரண்டாவது குடத்துக்குக் குழாயைத் திருப்பும்போது அவர் கத்தினார். வார்த்தையே இல்லை, வெறும் கத்தல். பால்கனிக் கம்பியைத் தட்டினார். வரிசை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தது.

"ஜெயிச்சிட்டாளா?" என்றார் அக்கா.

"ஜெயிச்சிட்டா போலக்கா."

"கொடம் ரொம்பிப் போச்சு பாரு" என்றது கடைசிக் குரல்.

முதல் குடத்தோடு மேலே ஏறினேன். டிவியில் அந்தப் பெண் கோப்பையை வாங்கிக்கொண்டிருந்தாள். நான் அழுவேன் என்று அவர் எதிர்பார்த்தார் என நினைக்கிறேன், முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான் எதிர்பார்த்தேன். பொறாமையாவது வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. தோள் வலித்தது. நல்ல காரியம் ஒன்று எங்கேயோ நடந்துவிட்டது, இனி அதை யாரும் நடக்காததாக்க முடியாது என்ற நிம்மதி மட்டும் மெல்லப் பரவியது. சுவரில் சாய்ந்தேன். மீதிக் குடங்களைச் சொல்பேச்சு கேட்காமல் அவரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய் எடுத்து வந்தார். அதற்குள் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை இட்லி வாங்கப் போனபோது அக்கா கேட்டார்: "நீகூட ஆடினியாமே? உன் வூட்டுக்காரு சொன்னாரு. ஏன் வுட்டுட்ட?"

"ஸ்கூல் கோர்ட்டு மேல கட்டடம் கட்டிட்டாங்கக்கா."

"நீங்க ஒண்ணும் கேக்கலியா?"

கேட்கவில்லை. புது வகுப்பறையில் ஃபேன் இருந்தது. சிமென்ட் ஷீட் கூரையின் கீழ் வெந்துகொண்டிருந்த நாங்கள் எல்லோரும், என்னோடு டபுள்ஸ் ஆடியவளும் நானும் உட்பட, பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் அங்கே குடிபோனோம். அதை அக்காவிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே இன்னும் இரண்டு இட்லியைப் பொட்டலத்தில் வைத்தார்.