பாசிலியாவின் ஊர்ச்சேவையும் மரங்களைப் பற்றிய புத்தகமும்

தோத்தோனிகபான் மலைமேல் இருக்கும் எங்கள் ஊரில் பாசிலியாவைத் தெரியாத தாய்மார் கிடையாது. மருத்துவ நிலையத்தில் டாக்டர் ஸ்பானிஷில் சொல்வதை எங்கள் கிச்சே மொழியில் பெண்களுக்குச் சொல்வதுதான் வெகுகாலம் அவள் வேலை. என் கடைசிப் பிரசவத்தில் டாக்டர் நீளமாக என்னவோ சொன்னார். அவள் என் காதருகே குனிந்து, "பிள்ளை குறுக்க கெடக்குதாம், திருப்பிப் பாக்குறாராம். உனக்குத் திட்டணும்னா நல்லாத் திட்டு, அவருக்குக் கிச்சே தெரியாது" என்றாள். அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். கடவுள் புண்ணியத்தில் பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது.

பிறகு அந்த வேலைக்குப் பணம் இல்லையென்று நிறுத்திவிட்டார்கள். புருஷன் இல்லாதவள். வாசலில் சோளமாவுக் கொழுக்கட்டை விற்று நாளை ஓட்டினாள். அங்கேயும் மருந்துச் சீட்டோடு பெண்கள் வந்து நிற்பார்கள். கொழுக்கட்டை ஆறிப்போகும்.

அப்படி இருக்கையில்தான் அந்தப் புத்தகம் வந்தது. தலைநகரத்துப் பேராசிரியர் ஒருவர் எங்கள் காட்டையும் ஊற்றுகளையும் பல வருஷம் ஆராய்ந்து ஸ்பானிஷில் எழுதியிருந்தார். எங்கள் காட்டைப் பற்றிய புத்தகத்தை எங்களில் யாராலும் படிக்க முடியவில்லை. எனக்கெல்லாம் முதல் பக்கத்திலேயே கண்ணைக் கட்டிவிட்டது. நூல்கள் அதிகம் இல்லாத மொழிகளில் இப்படிப்பட்ட படிப்பாளிகளின் புத்தகங்களைக் கொண்டுவர வெளிநாட்டு நிதி அமைப்பு ஒன்று பணம் தருகிறதாம். பேராசிரியர் பாசிலியாவின் பெயரை எழுதிப்போட்டார். நிதியும் சரியென்றது. மொழிபெயர்க்கிறவருக்கு ஒரு வருஷச் சம்பளம், அச்சுச் செலவு தனி.

"தலைவலி வருது, ஆனா கீழ வைக்க மனசு வரல" என்று அந்தத் தடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அதே மாதம் ஊர்ச்சேவை முறை அவள் வீட்டுக்கு வந்தது. எங்களிடம் ஒவ்வொரு வீடும் முறை வரும்போது ஒரு வருஷம் ஊருக்கு உழைக்க வேண்டும். ஊற்றைக் காப்பது, காட்டைச் சுற்றிவருவது, கூட்டத்துக்கு ஆள் அழைப்பது, எதுவானாலும் சரி. அதற்குக் கூலி கிடையாது. அதற்குக் கூலி வாங்கினான் என்று பெயர் வந்தால் பிறகு அவன் பேச்சு ஊர்ச்சபையில் எடுபடாது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சபை கூடியது. பாசிலியாவுக்கு ஊற்றுக்காவல் என்று ஊர்த்தலைவர் ஆன்செல்மோ அறிவித்தார். அவள் எழுந்து, "இந்த வருசம் புத்தகமே என் சேவையா இருக்கட்டும் ஐயா" என்றாள். எல்லாரும் கைதட்டினோம். நானும்தான். அதில் என்ன தப்பு இருக்கிறதென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊற்றுக்காவலை அடுத்த முறைக்காரரான கசாப்புக்கடை ஃபெர்மீனிடம் கொடுத்தார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க நிதியின் சார்பில் ரெனாத்தா என்ற பெண் வந்தாள். ஊரே கூடியிருக்க, ஆன்செல்மோ நெஞ்சை நிமிர்த்தி, இது எங்கள் ஊரின் சேவை என்றார். அவள் பேனாவை மூடிவிட்டாள்.

"அப்ப இவங்களுக்குச் சம்பளம்?"

"சேவைக்கு எங்கம்மா சம்பளம்?"

"ஐயா, சும்மா யார்கிட்டயும் வேலை வாங்கக் கூடாதுன்னு எங்க விதி. மொழிபெயர்க்கிறவங்க கையில கூலி போகலேன்னா பணமே வராது."

"கூலி வாங்கிட்டு ஊர்ச்சேவை செய்யக் கூடாதுன்னு எங்க விதி."

இருவருமே நியாயமாகத்தான் பேசினார்கள். அதனால்தான் யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வாங்கி உள்ள வெச்சுக்கட்டுமே, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் ஃபெர்மீன்.

"கடவுளுக்குத் தெரியும்" என்றேன் நான்.

"அவரு எங்கம்மா சபைக்கு வர்றாரு? வந்தா அவருக்கும் ஒரு காவல் வேலை கொடுத்துருவோம்னு பயம்!"

ரெனாத்தாகூடச் சிரித்துவிட்டாள். ஆனால் மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லாவிட்டால் பணம் வேறொரு மொழிக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.

மறுநாள் நான் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கையில் பாசிலியா வந்து அடுப்பருகே உட்கார்ந்தாள்.

"சபையில சொன்ன வார்த்தைய வாபஸ் வாங்குனா, அப்புறம் என் முகத்துல யாருடீ முழிப்பா?"

"நான் முழிக்கிறேன்க்கா."

"தெனம் உன் முகத்துல முழிச்சுத்தான் என் நெலமை இப்படி இருக்கு!" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு ரொட்டியை எடுத்துத் தின்றாள். போகும்போது, "மிக்கேல் அதிதூதருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திவை" என்றாள். ஏற்றினேன்.

அடுத்த சபையில் அவளே முன்னால் போய் நின்றாள். வார்த்தையைத் திரும்பப் பெறுகிறவர்கள் அங்கேதான் நிற்க வேண்டும்.

"பெருமைக்கு ஆசைப்பட்டு வாயவிட்டுட்டேன். புத்தகம் எனக்குக் கூலி வேலை. மருத்துவ நிலையத்துல பாத்தேனே, அது மாதிரி. அந்தக் கூலியில நான் சாப்பிடணும். மறைக்க மாட்டேன். சேவை வேற. எனக்கு உண்டான சேவையக் கொடுங்க, செய்யறேன்."

ஃபெர்மீன் எழுந்தார். வேண்டாமென்று சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"ஊத்துக்காவலத் திருப்பித் தர மாட்டேன். அதுக்குன்னு புது ரப்பர் பூட்ஸ் வாங்கிட்டேன்."

சபையே சிரித்தது. ஆன்செல்மோவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மிச்சம் இருக்கறது காட்டுக்காவல்தான். மலை ஏறணும் பாசிலியாம்மா. மழைன்னாலும் ஏறணும். மரப்பட்டையத் திருட்டுத்தனமா உரிக்கிறவனுங்க மழையிலதான் வருவானுங்க" என்றார்.

"ஏறுறேன் ஐயா. எழுதறது மரத்தப் பத்தித்தானே, நேர்லயே பாத்துக்கறேன்."

சம்மதம் என்று கைகள் உயர்ந்தன. அதே வாரம் ரெனாத்தா திரும்பி வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

இப்போது வாரத்தில் ஒருநாள் அவள் காவல்காரர்களோடு மலை ஏறுகிறாள். மற்ற நாட்களில் சன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறாள். சம்பளம் வந்த அன்று கொழுக்கட்டைச் சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டாள். போன வாரம் காவல்காரர்களுக்குச் சோளக்கஞ்சி கொண்டுபோனேன். மேட்டில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருக்க, அவள் புதிதாக எழுதிய பக்கத்தை வாசித்தாள். தேவதாரு இலையில் பனிமூட்டம் ஒட்டிச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறங்குவதைப் பற்றியது அது.

"இந்தச் சரிவுல அப்படித்தான். அந்தப் பக்கம் வெயிலு, அங்க எப்படி?" என்று ஒருவர் கேட்டார்.

"அது அடுத்த அத்தியாயம்."

"அப்ப அடுத்த வாரமும் நானே வரேன், என் தம்பிய அனுப்ப மாட்டேன்."

"கஞ்சிக்காக வர்றான்" என்றார் இன்னொருவர்.

பாசிலியா காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி முக்காட்டுக்குள் செருகிக்கொண்டு எழுந்தாள். மேற்கே மழை இறங்கத் தொடங்கியிருந்தது. அவர்கள் இன்னும் பாதிக் காடு சுற்ற வேண்டியிருந்தது.