அம்மாக்கண்ணுவின் வல்லாரைப் பாத்தி

அம்மாக்கண்ணு நட்டது எதுவும் பட்டுப்போனதில்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டியவள். தாய் தகப்பன் போன பிறகு, தம்பி செல்லசாமியைத் தன் கைச்சோற்றில் வளர்த்து, கலியாணமும் கட்டிவைத்தவள். யாரிடமும் கைநீட்டி நின்றதில்லை. அதை அவளே நாலு பேரிடம் சொல்லவும் செய்வாள். சொன்னால் என்ன, உண்மைதானே.

தலவாக்கலைக்கு மேலே மண் சரிந்து அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் போனபோது, மிஞ்சிய குடும்பங்களை மூடிக்கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோருக்குள் கொண்டுவந்து விட்டார்கள். படங்குச் சீலை கட்டி அறை பிரித்தார்கள். செல்லசாமி முகாமுக்குத் தலைவரானான். அக்காவுக்குப் பொதுச் சமையல். கொஞ்ச நாளைக்கு என்று சொன்ன இடத்தில் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது.

நிவாரணப் பருப்பையே தின்று பிள்ளைகள் வெளிறிப்போவதைப் பார்த்து, ஸ்டோருக்குக் கீழே ஈரச்சரிவில் அவள் வல்லாரை நட்டாள். மழைக்குப் பிறகு பாத்தி பொங்கிக்கொண்டு வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு இலை. பச்சையாகவே அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம் போட்டு, தேசிக்காய் பிழிந்து சம்பலாக்கி எல்லாப் பிள்ளைக்கும் வைத்தாள். கந்தப்பளை மரக்கறித் தோட்டக்காரனுக்கே இப்படி வராது என்று பீற்றிக்கொண்டாள்.

ஆனால் பிள்ளைகளின் வெளிறல் போகவில்லை. வயிறு மட்டும் முன்னால் வந்தது. பக்கத்து அறைக் கிருஷாந்தியின் மகள் பிரேமினி ஒரு காலை வாந்தியெடுத்தபோது, மண்புழு நீளத்துக்குப் பூச்சி விழுந்தது. மிட்வைஃப் தனுஷிகா எல்லாருக்கும் பூச்சி மாத்திரை கொடுத்துப் போனாள். கொஞ்ச காலம் நன்றாக இருந்தது. மறுபடி அதே கதை. முகாமின் பேச்சு மெல்ல அடுப்படிப் பக்கம் திரும்பியது. கடைசியில் கிருஷாந்தி நேராகவே சொல்லிவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க பெரியம்மா. ஒங்க கைச்சோறு இனி எம் புள்ளைக்கு வேணாம்."

அன்றிரவு அம்மாக்கண்ணு சாப்பிடவில்லை. மறுநாள் அவளே தனுஷிகாவுக்கு ஆளனுப்பி, பானை சட்டியிலிருந்து தன் கை நகம் வரை காட்டினாள். குடிதண்ணீரும் கொதிக்கவைத்ததுதான். வேகவைக்காமல் என்ன கொடுக்கிறீர்கள் என்று தனுஷிகா கேட்டாள். அம்மாக்கண்ணு பெருமையோடு பாத்திக்கே கூட்டிப்போனாள்.

தனுஷிகா இலையைப் பார்க்கவில்லை. இவ்வளவு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். இரண்டு பேரும் மேலே ஏறினார்கள். கக்கூஸ் குழியோரம், கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலார்க் குச்சி கட்டுக்கட்டாகக் கிடந்தது. விறகுக்கு அடித்துக்கொள்கிற முகாம் அது. அந்த மிலாரை மட்டும் தொடக்கூடாது என்று செல்லசாமி சொல்லிவைத்திருந்தான். விலக்கினால், குழியின் ஓரத்தை உடைத்து வாய்க்காலாக வெட்டிய கான். அது நேரே பாத்தியின் தலைமாட்டுக்கு ஓடியது. நிறைந்த குழியைப் பவுசர் வண்டி வந்து உறிஞ்சிப்போனதாகத்தான் அவன் எல்லாரிடமும் சொல்லியிருந்தான்.

தண்ணீர் கீழே எங்கே போகிறதென்று தம்பிக்குத் தெரிந்திருக்காது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். சரிவில் இறங்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. பாத்தி பொங்கிய அந்த மழைக்குப் பிறகு அவன் சம்பலைத் தொடவே இல்லை. சம்பல் இல்லாவிட்டால் சோறு இறங்காத ஆள், கேஸ்ட்ரிக் என்று ஓரமாகத் தள்ளுவான். தன் மகன் துஷாந்த் தட்டிலிருப்பதையும் வழித்துப்போடுவான். வைத்ததை வீணாக்குவானேன் என்று அதையும் எடுத்து அவள் பிரேமினிக்குப் போட்டிருக்கிறாள்.

மத்தியானம் எல்லாரும் பார்த்திருக்க, காலையில் அரிந்த சம்பலை அவன் தட்டில் குவித்தாள்.

"சாப்புடு தம்பி."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ரோடு ஒடைஞ்சு கெடந்துச்சுக்கா. பவுசர் ஏறல. குழி நெறஞ்சது தெரிஞ்சா நம்மள ஆளுக்கொரு தோட்டத்துக்குப் பிரிச்சு அனுப்பிருவாங்க. அப்புறம் நான் என்னத்துக்குத் தலைவரு?"

"அது கெடக்கட்டும். தின்னாதீங்கக்கான்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவன் தட்டை ஓரமாகத் தள்ளினான்.

சாயந்திரமே அவள் பாத்தியை வேரோடு பிடுங்கிப் புதைத்தாள். கானைத் தன் கையாலேயே மண்போட்டு மூடினாள். பிரேமினி மறுபடி சாப்பிட வந்தாள். தாய் முதலில் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுத்தாள். அம்மாக்கண்ணு அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொண்டாள்.

செல்லசாமியும் தட்டை ஏந்தி வருகிறான். அவன் முறை வரும்போது மட்டும் அகப்பையைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டு, அவள் அடுப்பை ஊதத் திரும்பிக்கொள்கிறாள்.