துவக்குக்கு இரண்டு கால்

ரெஜான் வந்திருந்தார். பிரெஞ்சு பேசும் இந்த லொங்குய் ஊரில் நான் வேலை செய்யும் பெட்டி ஃபக்டரியில் பத்து வருசம் எனக்குப் பக்கத்து மெசினில் நின்றவர், இப்போது பென்சன். அவருடைய மனைவி லுசீல் வந்திருந்தார், ஃபிளாஸ்கில் கோப்பியோடு. நான் வந்திருந்தேன். வேறு ஒருவரும் இல்லை. லுசீலின் தமையனுடைய சோளக்காணி அது. அறுத்து முடிந்து வெறும் கட்டையாய்க் கிடந்தது. நூறு மீற்றர் தள்ளி, மண் அணைக்கு முன்னால், சோற்றுத் தட்டு அளவில் ஓர் இரும்புத் தகடு தொங்கியது.

ரெஜான் பாயை விரித்து, வேட்டைத் துவக்கோடு குப்புறப் படுத்தார். நானும் படுத்துவிட்டேன். முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. யாரும் படுக்கச் சொல்லவில்லை. மன்னாரில் துவக்கோடு ஒருவன் படுத்தால் பக்கத்தில் நிற்பவனும் படுப்பான். வாயைத் திறந்து வைத்தால் செல் குண்டு விழும்போது காது கிழியாது. அதை யோசித்துச் செய்கிறதில்லை.

லுசீல் கோப்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். நெஞ்சு நோகிறதா என்று பிரெஞ்சில் கேட்டிருக்கிறார். எனக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் நான் 'வீ' என்று சொல்லிவிடுவேன், ஓம் என்று அர்த்தம். பத்து வருசம் அப்படித்தான் வேலை பார்த்தேன். அவர் அம்புலன்சுக்குப் போன் எடுக்கத் தொடங்கிவிட்டார். ரெஜான் துவக்கை வைத்துவிட்டு வந்து என் முதுகில் கை வைத்தார். நடுங்கியது. என் முதுகா அவர் கையா என்று தெரியவில்லை. நான் எழும்பி நின்று காட்டிய பிறகுதான் லுசீல் போனை வைத்தார்.

அவர் கை நடுங்கத் தொடங்கி இரண்டு வருசம். போன இலையுதிர் காலத்தில் ஒரு மானைச் சுட்டார். சரியாகப் படவில்லை. மான் இரத்தம் சிந்திக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. அந்தக் கதையைச் சின்னச் சின்னச் சொல்லாய், கையாலும் காட்டி என்னிடம் சொல்லும்போது அவர் மெசினைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு ஒரு முடிவெடுத்தார். ஐந்து சூடு சுடுவார், ஐந்தும் தகட்டில் பட வேண்டும், ஒன்று தவறினாலும் துவக்கை விற்றுவிடுவார்.

அன்று பிறகு சுட்ட ஐந்தில் பட்டது இரண்டு. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், பிழை காலில்தான் என்றார் ரெஜான். துவக்கின் முன்பக்கம் பூட்டுகிற இரண்டு காலுக்கு பைபொட் என்று பெயர். அவருடையது நாற்பது டொலர்ச் சாமான். உழுத நிலத்தில் வைத்தால் துவக்கு ஒரு பக்கம் சரியும், சற்றுத் தள்ளினால் கால் ஆடும். நடுங்குகிற கையை ஆடுகிற காலில் வைத்தால் என்ன நடக்கும். நல்லது வாங்க வேண்டும், நீ கார் ஓடுவாயா என்று கேட்டார். அவர் இப்போது தூரத்துக்கு ஓடுவதில்லை.

வீட்டில் என் மனைவி ஜெசிந்தா சிரித்தாள்.

"துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்த மனுசன், இப்ப துவக்குக்குக் கால் வாங்கப் போறியளோ?"

"எனக்கில்லை. ரெஜானுக்கு."

"அந்தாளுக்கு உங்களை விட்டா வேறை ஆள் இல்லையோ?"

"இல்லை."

 ஜெசிந்தா எனக்கும் ரெஜானுக்குமாக இடியப்பம் கட்டித் தந்தாள்.

கடையில் மலிவானது, விலை கூடினது இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆயுதம் இல்லை, வெறும் கால் என்றபடியால் தொட்டேன். விலை கூடினது முந்நூற்று எண்பது டொலர். ஒரு காலை நீட்டலாம், ஒன்றைக் குறுக்கலாம், துவக்கை நேராக்கி இறுக்கிவிட்டால் அசையாது. ஆனால் மலிவானதைவிட இருநூற்றைம்பது கிராம் பாரம் கூட. ரெஜானுக்கு விலையை விடப் பாரம்தான் யோசனை. நாள் முழுக்கக் காட்டில் நடக்க வேண்டுமே. "பெசான்," என்றார். பாரம் என்று சொல்கிறார்.

பாரம் எனக்குத் தெரியும். மன்னாரிலிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் போன அன்று, அம்மாவின் தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றித் தோளில் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்தேன். வள்ளக்காரன் எறியச் சொன்னான். "ஒரு ஆளின்ரை இடமடா அது." எறியவில்லை. அங்கே அகதி முகாமில் மூன்று வருசம் அம்மா அதில்தான் தைத்தா, நாங்கள் சாப்பிட்டோம். ஒரு சாமானின் பாரத்தைத் தூக்கும்போது சொல்ல முடியாது. இறக்கி வைத்த பிறகுதான் தெரியும்.

இதையெல்லாம் சொல்ல என்னிடம் பிரெஞ்சு இல்லை. அந்தக் காலை எடுத்து என் ஜக்கெற் பைக்குள் போட்டுக் காட்டினேன். நான் கொண்டு வாறன் என்று அர்த்தம். ரெஜான் என்னைப் பார்த்துவிட்டுக் காசைக் கட்டினார்.

இதை வாசிக்கிற யாராவது வேட்டைக்குப் போகிறவர் என்றால் சொல்கிறேன். கை உறுதியான இளம் ஆளுக்கு மலிவானது போதும், மிச்சத்துக்கு நடக்க நல்ல சப்பாத்து வாங்கலாம். ரெஜான் மாதிரி ஆளுக்கு அந்தக் காசு பெறும். பூட்டிப் படுத்ததும் துவக்கின் முனை அடங்கி நின்றதை நான் கண்டேன்.

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் அதே காணி. லுசீல் காரை விட்டு இறங்கவில்லை, பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். ரெஜான் படுத்தார். நானும் படுத்தேன், வேறு மாதிரி நிற்க எனக்கு வராது. ஆனால் காதைப் பொத்தவில்லை, கொஞ்சம் பஞ்சு மட்டும் வைத்தேன். ரெஜானுக்கு மெசின் இரைச்சலில் காது பாதி போய்விட்டது, மேலே காதுமூடியும் போட்டிருந்தார். தகடு சத்தம் போட்டால் நான்தான் கேட்க வேண்டும்.

ஊரில் எத்தனையோ சூடு எண்ணியிருக்கிறேன், எப்போது முடியும் என்று. குறியில் பட வேண்டும் என்று நினைத்து எண்ணியது இதுதான் முதல் தடவை. உடம்பு மன்னாரில் படுத்துக் கிடந்தது. காது இங்கே இரும்புச் சத்தத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது.

ஐந்து வெடியும் முடிந்தது. ரெஜான் எழும்பவில்லை, தகட்டைப் போய்ப் பார்க்கவும் இல்லை. காதுமூடியைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கொம்பியான்?" எத்தனை என்று கேட்டார்.

ஐந்து என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஆனால் இரத்தம் சிந்திக்கொண்டு காட்டுக்குள் போன அந்த மானும் எனக்கு நினைப்பில் இருந்தது. நிலத்தில் கிடந்தபடியே, காதில் கேட்டதை விரலால் காட்டினேன்.

நாலு.