விலகிய காரணம்

கல்லூரியின் வரலாற்றை எழுதித் தரும்படி அதிபர் என்னைக் கேட்டபோது எனக்குப் பெருமை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மின்சாரம் போய் மூன்று வருடமாகியிருந்தது. காலையில் எங்கள் பிள்ளைகள், மத்தியானத்துக்குப் பிறகு கரையோரத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று ஒரே வாங்குகளில் இரண்டு பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. சுன்னாகத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, விலங்கியல் படிப்பித்து, சுட ஹெலி வந்தால் பிள்ளைகளைப் பங்கர்க் குழிக்குள் இறக்கி ஏற்றி, தேய்ந்த வெண்கட்டித் துண்டுகளைப் பொறுக்கிப் பேணியில் போட்டுவிட்டு வீடு போய்ச் சேர எனக்கு அரை உயிர்தான் மிச்சம். இதற்குள் வரலாறாம்.

“உம்மை விட்டா ஆர் இருக்கினம்?” என்றார் அதிபர்.

அது உண்மைதான். என்னோடு சேர்ந்த ஆசிரியைகள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நான் இங்கேயே படித்து இங்கேயே படிப்பிக்க வந்தவள். அப்போது நாற்பத்திரண்டு வயது. கலியாணம் கட்டவில்லை. அதற்கு ஒரு காரணமும் இல்லை, கேட்டுக் கேட்டு ஊர்ச்சனமும் களைத்துவிட்டது.

கந்தோர் அலுமாரியிலிருந்து பழைய சேர்விடாப்புகளைத் தூசி தட்டி எடுத்துத் தந்தார் கிளாக்கர் ஐயா. கல்லூரியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு வரி உண்டு. பெயர், தகப்பன் பெயர், ஊர், சேர்ந்த நாள், விலகிய நாள், கடைசிக் கட்டத்தில் விலகிய காரணம். ஓலைக் கொட்டிலில் ஐந்தாறு பெண்பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளிக்கூடம் இது என்று ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலும் சொல்லுவார்கள். அந்த ஐந்தாறு பேரும் ஏன் விட்டுப்போனார்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை. புத்தகம் சொன்னது. கலியாணம். கலியாணம். அம்மை நோய். கலியாணம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நேரே சாமத்தியம். பெரியபிள்ளையானதும் வீட்டில் மறித்துவிடுவார்கள். பிறகு கொஞ்சக் காலம் மலாயா. திரும்பவும் கலியாணம். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலேறி வந்த பிள்ளைகளைச் சேர்த்த பக்கங்கள் நிரம்பி வழிந்தன. அவர்களும் இரண்டு மூன்று வருடத்தில் போனார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு சொல் வந்து குந்தியது, எழும்பவேயில்லை. வெளிநாடு. பக்கம் பக்கமாக வெளிநாடு. சில இடங்களில் எழுதினவருக்கே கை உளைந்து, மேலே உள்ளதுபோல என்று இரண்டு புள்ளி மட்டும் வைத்திருந்தார்.

எனக்கு விசர்தான் வந்தது. அந்தக் கட்டம் மூன்று விரல் அகலம். ஒரு பிள்ளை ஏழெட்டு வருடம் இங்கே படித்திருக்கிறாள், காலைப் பிரார்த்தனையில் பாடியிருக்கிறாள், நெட்போல் விளையாடி முழங்காலை உடைத்திருக்கிறாள், விடுதிப் புட்டைத் திட்டித் திட்டித் தின்றிருக்கிறாள். ஏன் போனாள் என்று எழுத இவ்வளவு இடம் இருந்தும் ஒற்றைச் சொல். என்ன அலுப்புப் பிடித்த மனிசர் இவர்கள் என்று ஏசிக்கொண்டேதான் குறிப்பெடுத்தேன்.

அந்த வருடம் என் உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். கரையோரத்துக் கடற்தொழில் குடும்பம். இடம்பெயர்ந்து வந்து எங்கள் விடுதியில் நின்றாள். சந்தையில் வாங்கி வந்த சுறாக்குட்டியை மேசையில் வைத்தால் மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். இவள் அதை வெட்டி நரம்பு நரம்பாகப் பிரித்து வைப்பாள்.

“எங்கடை வீட்டிலை கறிக்குத்தான் வெட்டுறது ரீச்சர். ஒவ்வொண்டுக்கும் பேர் சொல்லி வெட்டுறது இஞ்சைதான்” என்பாள். கோபமாக இருக்கும் நாளிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பல்கலைக்கழகம் போவாள் என்று நான் அடித்துச் சொல்லக்கூடிய ஒரே பிள்ளை அவள்தான்.

சோதினைக்கு நாலு மாதம் இருக்க, கொழும்பில் இருந்த தாயிடமிருந்து கடிதம் வந்தது. ஜேர்மனியிலிருக்கும் தமையன் ஸ்பொன்சர் செய்துவிட்டான், விசா அலுவலுக்கு உடனே வரவேண்டும் என்று எழுதியிருந்தது. அவள் சோதினை விண்ணப்பத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்து என்னிடம் தந்தாள்.

“சோதினை எழுதினாப் பிறகுதான் போவன் எண்டு அம்மாட்டைச் சொல்லப்போறன் ரீச்சர். ரண்டு கிழமையிலை வந்திடுவன். என்ரை பேரை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ.”

“ஆர் வெட்டப்போறது? போட்டு வாரும்” என்று விண்ணப்பத்தை மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

தொடர்ந்து ஆறு கிழமை வராத பிள்ளையின் பெயரை, தினமும் கூப்பிடும் வரவு இடாப்பில் சிவப்பு மையால் வெட்டலாம். வெட்டலாம் என்றுதான் விதி, வெட்டவேண்டும் என்றில்லை. ஆனால் இடாப்பில் பெயர் இல்லாத பிள்ளை கல்லூரி மூலம் சோதினை எழுத முடியாது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டு கிழமை போனது. மூன்று, நாலு போனது. கொழும்புக்குப் போய்வர இருந்த ஒரே வழி கிளாலிக் கடலேரி, அதில் படகு ஓடவில்லை என்றார்கள், ஓடுகிறது என்றார்கள், திரும்பவும் இல்லையென்றார்கள். ஒவ்வொரு நாள் காலையும் அவள் பெயரைக் கூப்பிடுவேன். முதலில் “கொழும்பு, ரீச்சர்” என்று யாராவது குரல் கொடுத்தார்கள். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

ஆறாவது கிழமை முடிகிற வெள்ளிக்கிழமை. முதலாம் பாடத்திலேயே ஹெலி வந்து சுற்றத் தொடங்கியது. முதல் நாள் மழை பெய்து பங்கருக்குள் கணுக்கால் வரை சேற்றுத் தண்ணீர். அதற்குள் வகுப்பு முழுவதும் ஒருத்திமேல் ஒருத்தியாக முக்கால் மணித்தியாலம் நின்றோம். ஏறி வந்ததும் ஒருவரும் தவறவில்லை என்று பார்க்க இடாப்புக் கூப்பிடவேண்டும். என் சேலைக்கரை முழுவதும் சேறு, தலையிடி மண்டையைப் பிளந்தது. வாய்ப்பழக்கத்தில் அவள் பெயரையும் கூப்பிட்டுவிட்டேன்.

பதில் இல்லை. பங்கருக்குப் பிறகு ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் அது வேறு மாதிரி. முன்வாங்கில் ஒருத்தி “ஐயோ!” என்று எழும்பினாள். பிறகு நினைவு வந்து வெட்கப்பட்டு இருந்துவிட்டாள். பக்கத்தில் ஒருத்தி விம்மத் தொடங்கினாள்.

“வாயை மூடுங்கோ எல்லாரும்!” என்று கத்தினேன். லாச்சியைத் திறந்து சிவப்புப் பேனையை எடுத்தேன். ஒரே கோடு. இனி இந்தப் பெயரை நான் கூப்பிடத் தேவையில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஆறுதலாக இருந்தது.

அன்று மத்தியானமே கிளாக்கர் ஐயா சோதினை விண்ணப்பங்களைக் கேட்டு வந்தார்.

“இடாப்பிலை உள்ள பிள்ளையளின்ரை மட்டும்தானே ரீச்சர்?”

“ஓம்” என்றேன். லாச்சியில் கிடந்த அவளின் விண்ணப்பத்தில் கை ஒருதரம் பட்டது. வந்தால் பார்ப்போம் என்று லாச்சியைச் சாத்திவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை நான் இடாப்புக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் வாசலில் வந்து நின்றாள். கசங்கிய வெள்ளைச் சட்டை, வெயிலில் கறுத்த முகம், ஒரு காலில் துணிக்கட்டு. முகத்தில் அப்படியொரு சிரிப்பு. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை, கூப்பிட்டுக்கொண்டே போனேன். அவள் பெயர் வரவேண்டிய இடம் வந்தது, தாண்டிப் போனேன். கடைசிப் பெயரோடு இடாப்பை மூடினேன்.

“ரீச்சர், என்ரை பேர்?” என்றாள்.

இந்த முறை பதில் சொல்லாமல் இருந்தவள் நான்.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சைக்கிளில் கல்விக் கந்தோருக்குப் பறந்தோம். “விண்ணப்பமெல்லாம் கொழும்புக்குக் கொண்டுபோற கப்பல் நேற்று வெளிக்கிட்டுட்டுது ரீச்சர். இனி அடுத்த வருஷம்தான்” என்றார் அங்கிருந்தவர். கெஞ்சினேன். பிறகு மேசையில் அடித்துக் கத்தினேன். அந்த மனிசன் என்ன செய்வார், பாவம். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து யாருக்கு என்ன பலன்.

திரும்பி வரும்போது, சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப்போன மாட்டுவண்டிக்கு ஒதுங்கி நின்ற இடத்தில் நான்தான் வாயைத் திறந்தேன்.

“அடுத்த வருஷம் எழுதலாம்தானே?”

“விசா மூண்டு மாதத்துக்குத்தான் ரீச்சர். இந்தச் சோதினை முடிஞ்ச உடனை வருவன் எண்டு அம்மாட்டைச் சத்தியம் பண்ணிப்போட்டு ஓடி வந்தனான். இனி நிக்க விடமாட்டா.”

“என்ரை பிழை பிள்ளை. நான்தான் வெட்டினனான்.”

“நான் ரண்டு கிழமை எண்டுதானே சொன்னனான். ஏழு கிழமையாச்சு. நீங்களும் எத்தினை நாளைக்குத்தான் கூப்பிடுவியள்?”

ஏசியிருக்கலாம். சைக்கிளைப் போட்டுவிட்டு ரோட்டில் குந்தியிருந்து அழுதிருக்கலாம். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

பத்து நாள் வகுப்புக்கு வந்தாள். வெட்டின பெயரை இடாப்பின் அடியில் திரும்ப எழுதி, கடைசியாகக் கூப்பிட்டேன். “ரீச்சர்” என்று எழும்பி நிற்பாள். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். பதினோராம் நாள் பயணப் பையோடு கந்தோருக்கு வந்தாள். விடுகைப் பத்திரத்தை எழுதி முடித்ததும் கிளாக்கர் ஐயா சேர்விடாப்பை என் முன்னால் விரித்தார்.

“காரணத்தைப் போடுங்கோ ரீச்சர். வழக்கமானதுதானே.”

அவள் எதிர்க் கதிரையில் இருந்தாள். பேனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தேன். வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்தார்கள், அவளைக் கூட்டிப்போக வந்தவர். வெளிநாடு என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

“போட்டு வாறன் ரீச்சர்” என்று எழும்பினாள்.

கல்லூரி வரலாற்றை நான் எழுதவில்லை. அதிபர் இரண்டு தரம் கேட்டுவிட்டு விட்டுவிட்டார். தொண்ணூற்றைந்தில் ஆமி வர, வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் ஊரைவிட்டு எழும்பி நடந்தபோது கிளாக்கர் ஐயா அலுமாரியைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு வந்தார். அந்தப் புத்தகம் இன்னும் இருக்கிறதோ, கறையான் தின்றதோ எனக்குத் தெரியாது. இருந்தால் அவளின் வரிக்கு நேரே என் கையெழுத்தில் வெளிநாடு என்று இருக்கும். பார்க்கிறவர்கள் நம்புவார்கள். வகுப்பாசிரியைக்கு அலுத்துப்போயிற்று என்பதுதான் காரணம். அப்படியே எழுதியிருக்கலாம். மூன்று விரல் அகலக் கட்டம், இடம் தாராளமாக இருந்தது.