யோகனின் ஆளுக்கு இரண்டாம் இலக்கம்

சிட்னியின் மெரிலேண்ட்ஸில் தேர்தல் என்றால் பள்ளிக்கூட வாசலில் வெங்காயம் வதங்கும் வாசனை வரும். சொசேஜ் இறைச்சியைப் பாண் ரொட்டியில் சுற்றி விற்பார்கள். சிவப்புச் சட்டைக் கட்சிக்காரரும் நீலச் சட்டைக்காரரும் ஒரே வாங்கில் இருந்து அதைச் சாப்பிடுவார்கள். வந்த புதிதில் நாடகம் என்றே நினைத்தேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கப்பல்களிலும் ஜெர்மனியிலும் திரிந்து, கடைசியில் சிட்னிக்கு வந்தவன் நான். தொழிற்சாலைகள் நடந்த காலம் முழுவதும் எங்கள் தொகுதி சிவப்பின் பக்கமே நின்றது. என் விசாவுக்காக அலைந்ததும் அந்தக் கட்சிக்காரர்தான். அதனால் பிரஜையானதும் அவர்களுடைய அட்டைகளை வாசலில் நின்று கொடுத்தேன். எந்தப் பெயருக்கு எந்த இலக்கம் போடவேண்டும் என்று அந்த அட்டை சொல்லும். பிறகு தொழிற்சாலைகள் மூடின. அந்த நிலங்களில் மாடிவீடுகள் எழும்பின. வீட்டுக்கடன் உள்ளவர்கள் வட்டியைப் பற்றியே பேசினார்கள்.

முன்பு ஹோம்புஷில் என்னோடு ஓர் அறையில் படுத்தெழும்பியவன் யோகன். அடுத்த தேர்தலில் அவன் நீலச் சட்டையோடு வாசலுக்கு வந்தான்.

"நீ எப்ப மாறினனி?" என்று கேட்டேன்.

"வீடு வாங்கின அண்டைக்கு, மச்சான்."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் என் அண்ணாவும் அவருடைய உயிர்ச் சிநேகிதனும் வெவ்வேறு ஆயுத இயக்கங்களுக்குப் போனார்கள். பிறகு அந்த இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டன. அண்ணா திரும்பி வரவில்லை. அந்தச் சிநேகிதனின் வீட்டோடு அம்மா பிறகு பேசவேயில்லை. யோகனையும் இன்றோடு இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எங்கள் கட்சிக்காரரான கிழவர் கீத்திடம், இவர்களுக்குப் பக்கத்தில் நிற்கப் பயமில்லையா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். வெயிலைச் சொல்கிறேன் என்று நினைத்து, தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார்.

மத்தியானம் நானும் வாக்களிக்க உள்ளே போனேன். எங்கள் நாட்டில் ஒருவருக்குப் புள்ளடி போட்டால் மற்றவருக்கு ஒன்றுமில்லை. இங்கே எல்லாருக்கும் விருப்ப வரிசையில் இலக்கம் போடவேண்டும். கட்டங்களை வெறுமையாக விட்டால் வாக்குச் செல்லாது. எங்கள் அட்டை நீலத்தைக் கடைசியில் போடச் சொன்னது. என் ஆளுக்கு ஒன்று போட்டேன். பென்சிலோடு கொஞ்சநேரம் நின்றுவிட்டு, யோகனின் ஆளுக்கு இரண்டு போட்டேன்.

வெளியே வந்து அவனிடம் சொன்னேன்.

"நான் உன்ர ஆளுக்கு மூண்டுதான் போட்டனான்," என்றான். "கோவியாதை. சாப்பிட வா."

எங்கள் தொகுதி அன்றிரவு முதல்தடவையாக நீலத்துக்கு மாறியது. மறுநாள் யோகன் வீட்டிலிருந்து, கொழும்பில் இருந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆர் வென்றது என்று கேட்டார். யோகனின் ஆக்கள் என்றேன்.

"அப்ப நீ எங்க ஒளிச்சு நிக்கிறாய்?"

"யோகன்ர குசினியில நிக்கிறன், அம்மா. இடியப்பம் பிழியிறான்."

அம்மா நம்பவில்லை. யோகன் மாவுக்கையோடு ரிசீவரை வாங்கி, "அன்ரி" என்றான். பிறகு அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"ரெண்டு பேரும் கதவைப் பூட்டிப்போட்டுப் படுங்கோ."

"ஓம் அன்ரி," என்றான் யோகன். முன்கதவு அகலத் திறந்து கிடந்தது. நான் போய்ச் சாத்தினேன். புழுக்கமாக இருந்தது. திரும்பிப் போய்ப் பாதி திறந்து வைத்தேன்.